மலை நடைக்குக் கத்தி: தடிமனை விடுங்கள், வாலைப் பாருங்கள்

மலை நடைக்கு உறுதியான கத்தி வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது கனத்தைத்தான். கடைக்காரருக்கும் அது தெரியும். 6 மில்லிமீட்டர் முதுகு, முதுகில் ரம்பப் பல், பிடியின் மூடியில் திசைகாட்டி என்று ஒன்றை எடுத்து முன்னால் வைப்பார். கையில் வாங்கினால் மிரட்டலாகத்தான் இருக்கும். அதே கத்தியை ஏற்காட்டுக்கு எடுத்துப்போய் ஒரு சௌசௌ நறுக்கிப் பாருங்கள். பாதி தூரம் இறங்கியதும் அறுபடுவது நின்றுபோய் காய் படக்கென்று பிளக்கும், ஒரு துண்டு தரையில் கிடக்கும். வெங்காயத்துக்கும் கேரட்டுக்கும் இதே கதிதான்.

கத்தி உறுதியா இல்லையா என்பதை, அது எங்கே உடையும் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். உடைவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: அலகும் பிடியும் சேரும் கழுத்தில், முனையில், வெட்டுகிற விளிம்பான வாயில். முதுகின் நடுவில் இரண்டாகப் போன கத்தியைப் பார்ப்பது அபூர்வம். அப்படிப் போனாலும் காரணம் தோய்ச்சல் (சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்துக் கெட்டிப்படுத்துவது) சரியில்லாததாக இருக்கும், தடிமன் குறைந்ததாக இருக்காது. ஆக, முதுகைத் தடித்துக்கொண்டே போவது உடையாத இடத்துக்குப் பலம் சேர்க்கிற வேலை.

சேர்வராயன் மலையில் கத்திக்கு உண்மையில் என்ன வேலை இருக்கிறது? காய்கறி, பழம், ரொட்டி நறுக்குவது. கயிறு, நாடா, பிளாஸ்டிக் பட்டை அறுப்பது. கூடாரத்துக்கு முளை சீவுவது. அறுந்துபோன பை வாரில் துளை போட்டுக் கட்டுவது. எஸ்டேட்டில் தங்க இடம் கொடுத்து, அடுப்பு மூட்டவும் அனுமதித்தால் சுள்ளி சீவுவது, சிறு கட்டையைப் பிளப்பது. இவ்வளவுதான். பாதையை மூடிக் கிடக்கிற உண்ணிச்செடியை வெட்டி வழி போட 10 சென்டிமீட்டர் கத்தியால் ஆகாது. அது கொடுவாளின் வேலை. மலைக் கிராமங்களிலும் தோட்டங்களிலும் கவாத்துக்கும் விறகுக்கும் கொடுவாள் வைத்திருப்பவர்கள் கூடவே வருகிறார்கள் என்றால், அந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள். ஒரே கத்தி கொடுவாளாகவும் இருக்க வேண்டும், காய் நறுக்கவும் வேண்டும் என்று கேட்டால் இரண்டுக்கும் உதவாத ஒன்றுதான் கிடைக்கும். காட்டெருமைக்குப் பயந்து பெரிய கத்தி வாங்குகிறவர்களும் உண்டு. அதற்குக் கத்தி எந்த அளவில் இருந்தாலும் உதவாது. தூரத்தில் நின்று வழிவிடுவதுதான் ஒரே வழி.

இந்த வேலைகளுக்குப் பொருந்தும் அளவு இது: அலகு 9 முதல் 11 செ.மீ., முதுகு 3 முதல் 4 மி.மீ., அலகின் அகலம் 25 முதல் 30 மி.மீ., பிடி 11 முதல் 12 செ.மீ., உறையோடு சேர்த்து எடை 200 கிராமுக்குள்.

வால்

பிடிக்குள் போகிற இரும்பைப் பட்டறையில் வால் என்றால் புரிந்துகொள்வார்கள், கடையில் டேங் என்பார்கள். கத்தியின் உயிர் அதில்தான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத பாகமும் அதுதான்.

ஃபுல் டேங் என்றால் அலகின் இரும்பு அதே அகலத்தில் பிடியின் கடைசிவரை ஓடி, இரண்டு பக்கமும் பிடித்தகடு வைத்து ஆணி அடித்திருப்பது. மேலேயும் கீழேயும் இரும்பு கோடாகத் தெரியும், சந்தேகத்துக்கு இடமில்லை. அடுத்தது ஒல்லியான வாலைப் பிடிக்குள் செருகியது. இது எல்லாமே மோசம் என்று சொல்வது சரியல்ல. பின்லாந்தின் பாரம்பரியக் கத்திகள் பலவும் இப்படித்தான். ஸ்வீடனின் மோரா கம்பேனியன் கத்தியிலும் வால் பிடியின் கடைசிவரை வருவதில்லை, ஆனாலும் அது விலைக்கு மேல் உழைக்கிற கத்தி. மோசமானது மூன்றாவது ரகம். உள்ளே தீப்பெட்டியும் தூண்டில் முள்ளும் வைக்க இடம் விட்ட குழாய்ப் பிடி. அதில் அலகின் அடியில் இருப்பது இரண்டு விரல்கடை நீளமுள்ள துண்டு, அதன் முனையில் ஒரு நட். பக்கவாட்டில் கொஞ்சம் அழுத்தம் வந்தாலே ஆடத் தொடங்கும். ஆட ஆரம்பித்தபின் முறுக்கி இறுக்கினாலும் நிற்காது.

ரப்பர் பிடிக்குள் வால் எவ்வளவு தூரம் போகிறது என்று கடையிலேயே பார்க்கலாம். ஒரு சின்ன காந்தத்தைப் பிடியின்மேல் கழுத்திலிருந்து கடைசிவரை மெல்ல நகர்த்துங்கள். எங்கே இழுவை விட்டுப்போகிறதோ அங்கே வால் முடிகிறது. பிடியின் நீளத்தில் முக்கால் பங்காவது இழுக்க வேண்டும். பாதியிலேயே விட்டுவிட்டால் கீழே வைத்துவிடுங்கள். பெட்டியில் 'ஃபுல் டேங்' என்று போட்டிருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யலாம், காந்தத்துக்கு விளம்பரம் படிக்கத் தெரியாது.

வால் எவ்வளவு நீளம் என்பதைவிட, அலகிலிருந்து வாலுக்கு இறங்குகிற மூலை எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். பலர் கவனிக்காத இடம் இது. அந்த மூலை கூரான செங்கோணமாக இருந்தால், தட்டும்போதும் நெம்பும்போதும் வருகிற விசை முழுக்க அந்த ஒரு புள்ளியில் போய்ச் சேரும். விரிசல் அங்கேதான் பிறக்கும். மூலை 2, 3 மி.மீ. ஆரத்தில் வளைவாக இறங்கினால் விசை பரவிப்போகும். ஃபுல் டேங் கத்தியிலும் கழுத்தில் விரலுக்காக வெட்டிய பள்ளத்தையும், வாயின் தொடக்கத்தில் அரைவட்டமாக எடுத்த வெட்டையும் பாருங்கள். உள்ளே அரத்தின் தழும்பு இல்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும். முதுகில் ரம்பப் பல் வேண்டாம் என்பதற்கும் இதே காரணம்தான். ஒவ்வொரு பல்லின் அடியும் ஒரு கூர்மூலை. அந்தப் பல் மரத்தையும் அறுக்காது, உறையைத்தான் அறுக்கும்.

தடிமன் எவ்வளவு போதும்

கணக்கு எளிது. தகட்டின் தடிமன் கூடினால் வளைத்தால் தாங்கும் பலம் தடிமனின் வர்க்கத்தில் கூடும், விறைப்பு தடிமனின் மும்மடியில் கூடும். 3 மி.மீ.யிலிருந்து 4 மி.மீ.க்குப் போனால் பலம் கிட்டத்தட்ட 1.8 மடங்கு, விறைப்பு 2.4 மடங்கு. ஒரு மில்லிமீட்டருக்கு நல்ல லாபம். அதற்குமேல் போனால் கிடைக்கும் கூடுதல் பலத்துக்கு இந்த வேலைகளில் இடமே இல்லை, எடை மட்டும் தோளில் ஏறும். 11 செ.மீ. நீளம், 28 மி.மீ. அகலமுள்ள அலகுக்கான பட்டை 3.5 மி.மீ.யில் 85 கிராம் வரும், 6 மி.மீ.யில் 145 கிராம். வாலுக்கும் அதே அளவு வைத்துக்கொண்டால் பிடி போடுவதற்கு முன்பே 290 கிராம். அமெரிக்காவின் கா-பார் நிறுவனம் விற்கிற பெக்கர் பிகே2 கத்திக்கு 6.35 மி.மீ. முதுகு, எடை 450 கிராம் அளவில். நன்றாகச் செய்த கத்திதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அதைச் சுமக்கிற எடைக்கு ஒரு சின்ன கத்தியும் கால் லிட்டர் தண்ணீரும் சுமக்கலாம். நம் மலைகளில் கோடையில் எது உதவும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நறுக்கும் சுகத்தைத் தீர்மானிப்பது முதுகும் அல்ல, வாய்க்குச் சற்று மேலே உள்ள தடிமன். வெர்னியர் காலிப்பர் இருந்தால், தீட்டிய சரிவு முடிகிற கோட்டில் வைத்து அளவெடுங்கள். 0.5 முதல் 0.7 மி.மீ. இருந்தால் காயும் நறுக்கும், மரமும் சீவும். 1 மி.மீ.யைத் தாண்டினால் எவ்வளவு தீட்டினாலும் கோடாலி போலத்தான் நடந்துகொள்ளும். 0.3 மி.மீ.க்குக் கீழே போனால் அடுப்படிக் கத்தி, மரத்தில் கணு வந்தால் வாய் மடியும். அலகு முதுகிலிருந்தே வாய் நோக்கி ஒரே சரிவாக இறங்குவது எல்லா வேலைக்கும் பொது. மோரா மாதிரி அகலமான ஒற்றைச் சரிவு மரம் சீவ அருமை, தீட்டவும் எளிது. உட்குழிந்த சரிவு மலைக்கு வேண்டாம்.

முனையைப் பற்றி ஒரு வார்த்தை. முதுகு மெல்லச் சரிந்து, முனை அலகின் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே முடிவது நல்லது. ஊசிபோல் நீண்ட முனை டின் மூடியை நெம்பிய அன்றே போய்விடும். நெம்பவே கூடாது என்பது வேறு விஷயம், யாரும் கேட்பதில்லை.

எந்த இரும்பு

சேலத்துக்காரர்களுக்கு ஒரு குழப்பம் இயல்பாகவே வரும். சேலம் உருக்காலை என்றாலே துருப்பிடிக்காத எஃகு. வீட்டில் பாத்திரமெல்லாம் அதுதான். அதே எஃகில் கத்தி என்றால் இன்னும் உசத்தி என்று தோன்றும். பாத்திரத்துக்குப் போகிற 304 ரகத்தைச் சூடேற்றித் தோய்த்துக் கெட்டிப்படுத்த முடியாது. எவ்வளவு தீட்டினாலும் வாய் நிற்காது. சாதாரணமாகக் காந்தமும் அதில் ஒட்டாது. அலகில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அது நடைக்கான கத்தி இல்லை. ஆனால் ஒட்டிவிட்டது என்பதாலேயே நல்ல கத்தி ஆகிவிடாது. 430 ரகத்திலும் காந்தம் ஒட்டும், அதையும் கெட்டிப்படுத்த முடியாது.

கத்திக்கென்றே உள்ள துருப்பிடிக்காத ரகங்களில் 12சி27, 14சி28என் இரண்டும் மலைக்கு நல்ல தேர்வு. கரி (கார்பன்) சுமார் 0.6 சதவீதம், குரோமியம் 13 சதவீதத்துக்கு மேல். தீட்டுவது சுலபம், சில்லு பெயராது. 440 என்று எழுதி பக்கத்தில் ஏ, பி, சி என்ற எழுத்து இல்லாவிட்டால் குறைந்த ரகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டி2வில் கரி 1.5 சதவீதம், வாய் நெடுநாள் நிற்கும். ஆனால் தட்டிப் பிளக்கிற வேலையில் சில்லு பெயரலாம், காட்டில் உட்கார்ந்து தீட்டுவதும் பெரும்பாடு. பாதித் துருப்பிடிக்காத ரகம் என்பதால் அதுவும் துருப்பிடிக்கும்.

கார்பன் எஃகில் 1095 (கரி 0.9 முதல் 1.03 சதவீதம்), லாரியின் ஸ்பிரிங் பட்டை ரகமான 5160 (கரி 0.6 சதவீத அளவு, கொஞ்சம் குரோமியம்) இரண்டும் அடி தாங்கும். துருதான் விலை. ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் உறைக்குள் ஒரு ராத்திரி ஈரத்தோடு கிடந்தால் காலையில் செம்புள்ளி வந்திருக்கும். துடைக்கிற பழக்கம் இல்லாதவர்கள் துருப்பிடிக்காததையே வாங்குங்கள். கெட்டித்தன்மை ராக்வெல் அளவில் 56 முதல் 59 வரை இருக்கட்டும். 60-ஐத் தாண்டிய விளம்பரம் அடுப்படிக் கத்திக்குப் பெருமை, மலைக் கத்திக்கு ஆபத்து.

பட்டறையில் செய்து வாங்குவதென்றால்

கஞ்சமலை இரும்புத்தாதை 1830களில் பரங்கிப்பேட்டை உலைக்குக் கொண்டுபோன வட்டாரம் இது. இன்று பட்டறைக்கு வருவது தாது அல்ல, பழைய லாரிப் பட்டை. சங்ககிரியும் நாமக்கல்லும் பக்கத்தில் இருக்கும்வரை அதற்குப் பஞ்சமே இல்லை. நல்ல கொல்லர் கிடைத்தால் கடைக் கத்தியைவிட மேலான ஒன்றை வாங்கிவிடலாம். ஆனால் அவர் தினமும் அடிப்பது கொடுவாள். கொடுவாள் தடித்திருக்க வேண்டும், கொஞ்சம் மிருதுவாகவும் இருக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது வேறு என்பதை வாயால் சொன்னால் போதாது, அட்டையில் வெட்டி அளவெழுதிக் கொடுக்க வேண்டும்.

பட்டையை நீங்களே பார்த்து எடுங்கள். நடு போல்ட் துளையை ஒட்டிய பாகம் வேண்டாம். வண்டி ஓடிய காலம் முழுக்க அதிக வளைவு வாங்கிய இடம் அது. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தால் தோய்க்கும்போது திறந்துகொள்ளும். நுனிப் பக்கத்துத் துண்டு நல்லது. எந்த ரகம் என்று தெரியாத பட்டையில் முதலில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, சூடேற்றித் தோய்த்து, வைஸில் பிடித்து உடைக்கச் சொல்லுங்கள். உடைந்த முகம் மங்கிய சாம்பல் நிறத்தில் பொடியாக இருந்தால் சூடு சரி. சர்க்கரைபோல் மினுமினுத்தால் சூடு மிஞ்சிவிட்டது. உடையாமல் வளைந்தே போனால் அந்தத் துண்டு கெட்டியாகவில்லை. சூடோ தோய்ச்சலோ போதவில்லையா என்று இன்னொரு துண்டில் பாருங்கள், அதுவும் வளைந்தால் பட்டையை மாற்றுங்கள்.

முதுகு கழுத்தருகே 4 மி.மீ., முனையருகே 2.5 மி.மீ. ஆகக் குறைய வேண்டும் என்று எழுதுங்கள். வாலில் ஆணித் துளைகளைத் தோய்ப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், பிறகு சாதாரண பிட் ஏறாது. தோய்ப்பதற்கு முன் வாயை முழுக்கக் கூராக்கக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் சதை விட்டிருக்க வேண்டும், மெல்லிய வாய் உலையில் கரியை இழந்து கோணிக்கொள்ளும்.

அடுத்து தோய்ச்சல். இங்கேதான் பல கத்திகள் வீணாகின்றன. தண்ணீரில் போடுவது பழக்கம். லாரிப் பட்டை இரும்பு மெல்லிய அலகாக இருக்கும்போது தண்ணீரில் 'டிக்' என்று சத்தம் கேட்டால் முடிந்தது, விரிசல் விழுந்துவிட்டது. "அண்ணா, தண்ணியில வேணாங்க, எண்ணெயில தோய்ச்சுக் குடுங்க, எண்ணெய் நானே கொண்டாரேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 4, 5 லிட்டர் விலை மலிந்த கடலை எண்ணெய் போதும், 50 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டும். பழைய என்ஜின் ஆயில் வேண்டாம், அந்தப் புகை கெடுதல். காந்தம் ஒட்டாமல் போகும் சூடு 770 டிகிரி அளவு. அதற்கு ஒரு நிழல் மேலே, 830 டிகிரி பக்கம், அலகு முழுக்க ஒரே நிறமாக வந்ததும் முனை கீழாக நேராக இறக்க வேண்டும். உள்ளே ஆட்டுவதானால் முதுகு–வாய் திசையில் மட்டும். பக்கவாட்டில் ஆட்டினால் கோணிவிடும். எண்ணெய் குப்பென்று பற்றும், மூட ஒரு தகரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

தோய்த்ததோடு வேலை முடிந்தது என்று கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். அந்த நிலையில் கத்தி கீழே விழுந்தாலே உடையலாம். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், அன்றைக்கே, 200 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து ஆறவிட்டு, மறுபடி 2 மணி நேரம் வைக்க வேண்டும். வீட்டு ஓடிஜி அடுப்பே போதும். அதன் முள் காட்டுவதை நம்பாமல் தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வெளிர் வைக்கோல் மஞ்சள் நிறம் படிந்தால் சரி.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் சாணைச் சக்கரத்தில் பிடிக்கும்போது கெடுப்பதும் நடக்கும். வேகமாகச் சுற்றும் கல்லில் மெல்லிய வாயை அழுத்தினால் ஒரு நொடியில் நுனி நீலமாகும். நீலம் என்றால் 300 டிகிரி அளவைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த இடம் மட்டும் மிருதுவாகிவிடும். நீலத்தைத் தேய்த்து மறைத்தால் நிறம்தான் போகும், மிருது போகாது. எத்தனை முறை தீட்டினாலும் அங்கே மட்டும் வாய் மடிந்துகொண்டே இருக்கும். நீலம் ஓடிய ஆழம்வரை இரும்பைக் கழித்தால்தான் தீரும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் நல்ல கத்தியைக் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். பட்டறையில் ஒவ்வொரு இழுப்புக்கும் வாளித் தண்ணீரில் முக்கி, வெறும் விரலால் அலகைத் தொட்டபடி பிடிக்கச் சொல்லுங்கள். விரல் பொறுக்கும் சூட்டில் தோய்ச்சல் கெடாது.

கத்தி கைக்கு வந்ததும் ஒரு சோதனை. 6 மி.மீ. பித்தளைக் கம்பி ஒன்றை வைஸில் படுக்கையாகப் பிடியுங்கள். தீட்டுகிற கோணத்தில் வாயைக் கம்பியின்மேல் வைத்து மிதமாக அழுத்துங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் வாய் கம்பிக்கு மறுபுறம் சிறிதாகப் புடைத்துக்கொள்வது தெரியும். கையை எடுத்ததும் பழையபடி நேராக வந்தால் தோய்ச்சல் சரி. புடைத்தபடியே நின்றால் மிருது, மறுபடி தோய்க்க வேண்டும். சில்லு பெயர்ந்தால் கெட்டி அதிகம், 15, 20 டிகிரி கூட்டி அடுப்பில் இன்னொரு முறை வைத்தால் போதும். அலகின் நீளத்தில் நாலைந்து இடங்களில் இதைப் பாருங்கள். நடு சரியாக இருந்து முனை மட்டும் மிருதுவாக இருப்பது உண்டு.

பிடியும் உறையும்

பிடிக்கு மரம் என்றால் ஈட்டி நன்றாக உழைக்கும். மழையில் ஊதி வெயிலில் சுருங்கி, ஆணியோரம் மயிரிழை இடைவெளி விடுவது மரத்தின் குணம். அந்த இடைவெளியில் தண்ணீர் நின்றால் வால் உள்ளேயே துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. எப்பாக்ஸி பசை நிறைய வைத்து ஒட்டி, 5 அல்லது 6 மி.மீ. பித்தளை ஆணி குறைந்தது இரண்டு அடித்திருக்க வேண்டும். துணியைப் பிசினில் இறுக்கிச் செய்த மைகார்ட்டாவும் கண்ணாடியிழையை அப்படிச் செய்த ஜி10-உம் ஈரத்துக்கு அசையாது. மைகார்ட்டா நனைந்தால் இன்னும் நன்றாகவே பிடிப்புக் கொடுக்கும். பளபளவென்று மெருகு போட்ட பிடி எதுவானாலும் வேண்டாம். கடையில் சோதிக்க எளிய வழி, உள்ளங்கையில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கத்தியை முன்னோக்கிக் குத்துகிற மாதிரி ஒரு பலகையில் மெல்ல அழுத்துவது. கை வாய்ப்பக்கம் வழுக்கினால் முன்தடுப்பு போதாது. விரல் ஒன்று தங்கும் அளவு சின்ன மேடு போதும், பெரிய கைக்காப்பு காய் நறுக்கும்போது பலகையில் இடிக்கும். விரலுக்கு ஒன்றாக நாலு பள்ளம் வெட்டிய பிடி, அந்தப் பள்ளத்துக்குப் பொருந்தும் கைக்கு மட்டும்தான்.

தோலுறை பார்க்க அழகு. ஈரத்தைக் குடித்துக்கொண்டு விடாது, பூஞ்சை பூக்கும், கார்பன் எஃகுக்கு எதிரி. கைடெக்ஸ் அல்லது வேறு கெட்டி பிளாஸ்டிக் உறை, அடியில் தண்ணீர் வடியத் துளையோடு இருக்கட்டும். உறையில் போட்டுத் தலைகீழாகப் பிடித்து நாலு குலுக்கு குலுக்குங்கள். கத்தி நகரவே கூடாது. இடுப்பு பெல்ட்டில் தொங்கவிட்டால், முதுகுப்பையின் இடுப்புப் பட்டை அதே இடத்தில்தான் உட்காரும். நாள் முழுக்கப் பிடி விலாவில் குத்தும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் பைக்கில் ஏறும்போது அது இன்னும் மோசம். பையின் மேல்மூடிக்குள் வைப்பதே சௌகரியம். கூட்டமுள்ள பேருந்தில் யாருக்கும் உறுத்தலாகவும் இருக்காது.

சட்டம்

2016 ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்காகச் செய்யப்படாததாக இருந்தால், ஆயுத வகையில் வரும். 4 அங்குலக் கத்தி அந்த அளவுக்கு வெகு கீழே. அதற்காக இடுப்பில் தெரியும்படி கட்டிக்கொண்டு சோதனைச் சாவடியில் இறங்கினால் கேள்வி வரத்தான் செய்யும்.

வனவிலங்குச் சரணாலயம் என்றால் கதை வேறு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்பதன் பட்டியலிலேயே கத்தியும் இருக்கிறது. 31-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. தேசியப் பூங்காக்களுக்கும் இது பொருந்தும். சேர்வராயன் காப்புக்காட்டுக்கு இந்தப் பிரிவு வராது. ஆனால் சேலத்திலிருந்து கிளம்பி காவிரி தெற்கு, சத்தியமங்கலம், முதுமலை என்று போகிறவர்களுக்கும், உத்தராகண்டில் கோவிந்த் சரணாலயப் பகுதிக்குள் இருக்கும் ஹர் கி தூன் போகிறவர்களுக்கும் வரும். அழைத்துப்போகும் அமைப்பிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவது, மரம் வெட்டுவது, தீ மூட்டுவது எல்லாமே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு வனத்துறை இதில் கண்டிப்பு. ஆகவே கட்டை பிளப்பதெல்லாம் உரிமையாளர் அனுமதித்த தோட்டத்துக்குள் மட்டும்தான். விமானத்தில் கைப்பையில் கூடாது, பதிவு செய்த பெட்டியில் மட்டும்.

பிளப்பதும் தீட்டுவதும்

தடியால் முதுகில் தட்டிக் கட்டை பிளக்கும்போதுதான் அதிகக் கத்திகள் போகின்றன. 10 செ.மீ. அலகுக்கு 6 செ.மீ. விட்டமுள்ள கட்டைக்கு மேல் வேண்டாம். முனைப்பக்கம் 3, 4 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் தட்ட இடம் இருக்கும். சில்வர் ஓக் நேராகப் பிளக்கும். கவாத்துக் கழித்த காப்பிக் கட்டை அப்படியில்லை, இறுக்கமான மரம், நார் முறுக்கிக்கொண்டு ஓடும், கணு நிறைய. அதைக் கத்தியால் பிளக்காமல் ஆப்பு சீவிக்கொள்ளப் பயன்படுத்துங்கள். தட்டுவது மரத்தடியாக இருக்கட்டும், கல்லால் தட்டினால் முதுகு பிசிறடிக்கும். கத்தி பாதியில் சிக்கினால் பிடியை அடிக்கவோ முறுக்கவோ கூடாது. முறுக்குகிற அந்த நொடியில்தான் வாயில் அரைவட்டச் சில்லு பெயரும். பிளந்த வாயில் காப்பி மர ஆப்பைச் செருகித் தட்டினால் கட்டை விரிந்து கத்தி தானாக வெளியே வரும்.

தீட்ட 400, 1000 என இரண்டு கிரிட் உள்ள சின்ன கல் ஒன்று வீட்டுக்கு, கையடக்க வைரத்தகடு ஒன்று பைக்கு. பக்கத்துக்கு 20 டிகிரி போதும். 30 மி.மீ. அகல அலகானால் முதுகின் நடுக்கோடு கல்லிலிருந்து சுமார் 10 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். முதலில் அதே தடிமனுள்ள மரத்துண்டு ஒன்றை வைத்துக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். மோரா மாதிரி அகலச் சரிவுள்ள கத்திக்கு இந்தக் கணக்கு வேண்டாம், சரிவை அப்படியே கல்லில் படிய வைத்தால் போதும். வாயில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை வாயோரம் மட்டும் அழிந்தால் கோணம் அதிகம், மேல்பக்கம் மட்டும் அழிந்தால் குறைவு. ஒரு பக்கம் முழு நீளத்துக்கும் பிசிறு கையில் தட்டுப்படும்வரை தீட்டி, பிறகுதான் மறுபக்கம் திருப்ப வேண்டும். பிசிறு வராமலே பக்கம் மாற்றி மாற்றி இழுப்பதால்தான் ஒரு மணி நேரம் தீட்டியும் வெட்டவில்லை என்ற புலம்பல் வருகிறது. கடைசியில் எடையே இல்லாமல் நாலைந்து இழுப்பு, பிறகு பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இருபது தடவை.

ஆரஞ்சும் எலுமிச்சையும் நறுக்கினால் கார்பன் எஃகு உடனே கறுக்கும். அந்தக் கறுப்பு கெடுதல் இல்லை, சிவப்புத்தான் கெடுதல். நறுக்கி முடித்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் தொட்டு விடுங்கள். நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசின்போல் ஒட்டும். தேங்காய் எண்ணெய் பரவாயில்லை. மார்கழியில் மலைமேல் அது அலகிலேயே வெள்ளையாக உறைந்துபோகும், இருந்தாலும் காப்பது காக்கத்தான் செய்யும். ஊருக்குத் திரும்பியதும் கத்தியை உறையிலிருந்து எடுத்து, உறையைத் தனியாகவும் கத்தியைத் தனியாகவும் காயவைத்து, உறையில் போடாமல் உலர்ந்த துணியில் சுற்றி, குழந்தைகள் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.